வாய்ப்புற்று கழுத்துக்குப் பரவுமா? புரதக் குறிப்பான் ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நாக்கின் பக்கவாட்டு ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு புண் இருக்கிறது. அது ஸ்குவாமஸ் செல் புற்று என்று பயாப்சியில் உறுதியாகிவிட்டது. கழுத்தைத் தடவிப் பார்த்த அறுவை மருத்துவரின் விரலுக்கு நெறி எதுவும் தட்டுப்படவில்லை. அல்ட்ராசவுண்டிலும் ஸ்கேனிலும் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. இருந்தும், இப்படிப்பட்ட நோயாளிகள் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் அவர்களில் இரண்டு அல்லது மூன்று பேரின் கழுத்து நிணநீர்க்கணுக்களில் புற்றுச்செல்கள் ஏற்கெனவே குடியேறியிருக்கும். அந்த இரண்டு மூன்று பேர் யார் என்பதை, கத்தி வைப்பதற்கு முன்பே, பயாப்சித் துண்டில் உள்ள புரதங்களைக் கொண்டு சொல்ல முடியுமா என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி.

வாய்நோய்க்குறியியலிலோ உயிர்வேதியியலிலோ முதுநிலை ஆய்வைத் தொடங்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். புரதக் குறிப்பான்கள் எல்லாப் புற்றுகளிலும் தேடப்படுகின்றன. நான் வாய்ப்புற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் புகையிலை மெல்லும் பழக்கத்தால் இந்நோய் மிகுதி என்பது ஒரு காரணம். பயாப்சித் துண்டு எளிதில் கிடைக்கும் இடம் என்பது இன்னொரு காரணம்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

முதல் வேலை ஆய்வகத்தில் இல்லை. “எந்த நோயாளிக்கு, எந்தக் கட்டத்தில், எந்த முடிவை மாற்றுவதற்காக இந்தப் புரதத்தை அளக்கிறேன்?” என்பதற்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதிப் பாருங்கள். “வாய்ப்புற்றில் ஈ-கெட்ஹெரின் புரதத்தின் வெளிப்பாட்டை மதிப்பிடுதல்” என்பது தலைப்பாக இருக்கலாம்; கேள்வியாக இருக்க முடியாது. “கழுத்தில் நெறி தென்படாத, தொடக்க நிலை நாக்குப் புற்று நோயாளிகளின் முதல் பயாப்சியில் ஈ-கெட்ஹெரின் இழப்பு, மறைந்திருக்கும் கணுப் பரவலை, புற்றின் ஆழம் சொல்வதற்கு மேலாக எதையாவது சொல்கிறதா?” என்பது கேள்வி.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, இன்று நோயாளிக்கு என்ன செய்கிறார்கள் என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். தொடக்க நிலை வாய்ப்புற்றில் நெறி தென்படாதபோதும் கழுத்துக் கணுக்களை முன்கூட்டியே நீக்குவதா, அல்லது நெறி வந்தபின் நீக்கினால் போதுமா என்ற நெடுநாள் சர்ச்சைக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வு 2015இல் விடை தந்தது. பகுப்பாய்வு செய்யப்பட்ட 500 நோயாளிகளில், முன்கூட்டியே நீக்கியவர்களில் மூன்றாண்டு உயிர்பிழைப்பு 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். அதற்குப் பிறகு முன்கூட்டியே நீக்குவதே பெரும்பாலான இடங்களில் வழக்கமாகிவிட்டது. இதன் மறுபக்கம், பத்துப் பேரில் ஏழு பேர் கணுவில் புற்று இல்லாமலேயே அந்த அறுவைக்கு உட்படுகிறார்கள் என்பது. கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் துணைநரம்பு சற்று இழுபட்டாலும் தோளைத் தூக்குவதில் சிரமம் வரும். தையல் தழும்பும் மரத்துப்போன தோலும் மிஞ்சும். ஆகவே நம் குறிப்பானின் உண்மையான வேலை, யாருக்கு இந்த அறுவையைத் துணிந்து தவிர்க்கலாம் என்று சொல்வதே. கணுப் பரவல் உள்ளவரைக் காட்டித் தருவது அதற்கு அடுத்த நிலையில்தான் வரும்.

ஏற்கெனவே களத்தில் இருப்பவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிய குறிப்பான் வெற்றிடத்தில் வருவதில்லை. அது மோத வேண்டிய முதல் எதிராளி ஊடுருவல் ஆழம். அருகிலுள்ள இயல்பான சளிச்சவ்வின் அடித்தளப் படல மட்டத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டதுபோல் ஒரு நேர்கோட்டை இறக்கி, புற்று மிக ஆழமாகச் சென்ற இடம்வரை மில்லிமீட்டரில் அளப்பது இது. புற்றின் தடிமன் என்பது வேறு. மேலே காளான்போல் எழும்பி நிற்கும் புற்றில் தடிமன் மிகுதியாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும், குழிந்த புண்ணில் தலைகீழாக இருக்கும். 2018 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்பு நிலைவகைப்பாட்டில் 5 மி.மீ., 10 மி.மீ. என்னும் ஆழ எல்லைகள் சேர்க்கப்பட்டன. ஆழத்தை அளக்க ஒரு ஸ்லைடும் அளவுகோலும் போதும். நம் புரதத்துக்கோ, அதில் ஒட்டி அது இருக்கும் இடத்தை நிறமேற்றிக் காட்ட உதவும் ஆன்டிபாடி, செலவு, பயிற்சி எல்லாம் வேண்டும். ஆழத்தைவிடக் கூடுதலாக அது எதையும் சொல்லவில்லை என்றால் அதற்கு வேலை இல்லை.

இரண்டாவது எதிராளி காவற்கணுப் பயாப்சி. புற்றைச் சுற்றிக் கதிரியக்கத் தடங்காட்டியைச் செலுத்தி, நிணநீர் முதலில் சென்று சேரும் கணுவை மட்டும் எடுத்து நுணுக்கமாக வெட்டிப் பார்ப்பது இம்முறை. 14 ஐரோப்பிய மையங்களில் 415 நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் இதன் உணர்திறன் 86 சதவீதம். கணுவில் இல்லை என்று சொன்னால் அது சரியாக இருக்கும் வாய்ப்பு 95 சதவீதம். இந்த எண்களை மேசைமேல் எழுதி ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. அணுமருத்துவ வசதி இல்லாத ஊர் மருத்துவமனையில் இது எட்டாக்கனிதான்; அங்கேதான் பயாப்சித் துண்டிலிருந்தே விடை தரும் புரதத்துக்கு உண்மையான இடம் இருக்கிறது.

புற்றுச்செல் போகும் பாதையிலிருந்து புரதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆன்டிபாடிப் பட்டியலைப் புரட்டி, கைவசம் இருப்பதை எடுத்து ஆய்வு செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதற்கு மாறாக, புற்றுச்செல் புண்ணிலிருந்து கணுவுக்குப் போகும் பயணத்தை ஒருமுறை மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். முதலில் அது பக்கத்துச் செல்லின் கையை விடவேண்டும். அந்தக் கைப்பிடிதான் செல் சவ்வில் இருக்கும் ஈ-கெட்ஹெரின். பிறகு இணைப்புத் திசுவுக்குள் வழி வெட்டவேண்டும். அங்கே கொலாஜனை அரிக்கும் எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 போன்ற நொதிகள் வருகின்றன. நகரும் தன்மை பெறும்போது எபிதீலியச் செல்லில் வழக்கமாக இருக்காத விமென்டின் தோன்றலாம். அடுத்து அது நிணநீர் நுண்குழலுக்குள் நுழைய வேண்டும். இரத்த நுண்குழல்களைப் போலன்றி, நிணநீரின் தொடக்கக் குழல்களுக்குத் தொடர்ச்சியான அடித்தளப் படலம் இல்லை. சுவர்ச் செல்களுக்கு இடையே மடிப்புக் கதவுகள்போன்ற இடைவெளிகளும் உண்டு. ஆகவே நுழைவது ஒப்பீட்டளவில் எளிது. புற்றே வி.இ.ஜி.எஃப்-சி என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து, சுற்றிலும் புதிய நிணநீர்க் குழல்களை முளைக்கச் செய்வதும் உண்டு. அக்காரணி போய் ஒட்டும் ஏற்பிதான் வி.இ.ஜி.எஃப்.ஆர்-3.

இந்த வரிசையில் போடோபிளானின் புதியவர்களுக்கு நல்ல பாடம் கற்பிக்கும் புரதம். டி2-40 என்னும் ஆன்டிபாடியால் இதைப் பார்க்கிறோம். நிணநீர்க் குழலின் உட்சுவரில் இது நிறமேறும், இரத்தக் குழலின் சுவரில் ஏறாது. எனவே குழலுக்குள் புற்றுச்செல் கிடக்கிறதா என்று தேட உதவுகிறது. அதே புரதம் பல வாய்ப்புற்றுகளில் புற்றுச்செல்களிலேயே, குறிப்பாகத் தீவுகளின் விளிம்பு வரிசையில், வெளிப்படுகிறது. அது மிகுதியாக உள்ள புற்றுகளில் கணுப் பரவல் மிகுதி என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. ஆகவே ஒரே ஸ்லைடில் இரண்டு வேறு அளவீடுகள் கிடக்கின்றன: குழல்களின் எண்ணிக்கை ஒன்று, புற்றுச்செல்லின் நிறமேற்றம் இன்னொன்று. எதை அளக்கிறோம் என்று முன்பே எழுதி வைக்காதவர், முடிவில் எது “பலன் தந்ததோ” அதைத் தேர்ந்தெடுத்துவிடுவார். உமிழ்நீர்ச் சுரப்பியின் மயோஎபிதீலியச் செல்களிலும் இது ஏறும். நாக்குத் திசுவில் அவற்றைப் பார்த்துக் குழல் என்று எண்ணிவிடக்கூடாது.

பி16 பற்றி ஒரு சொல். தொண்டைப் பகுதியில், அடிநாக்கிலும் டான்சிலிலும், எச்.பி.வி. வைரஸால் வரும் புற்றில் பி16 வலுவாக ஏறும். அந்தப் புற்று கணுவுக்கு எளிதில் பரவியும் நோயாளிக்கு நல்ல முன்கணிப்பே தரும். அது வேறு நோய். வாய்க்குழிப் புற்றையும் தொண்டைப் புற்றையும் ஒரே குவியலில் போட்டு “தலை-கழுத்துப் புற்று” என்று ஆய்ந்தால், வரும் முடிவு இரண்டில் எதற்கும் பொருந்தாது. கன்னத்தின் உட்புறமும் ஈறும் சேர்ந்த இடத்தில் வரும் புற்று இந்தியாவில் மிகுதி, மேலைநாட்டு ஆய்வுகளிலோ நாக்கே மிகுதி. அவர்களின் எல்லை மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும் முன் இதையும் நினைவில் வையுங்கள்.

நோயாளிகளும் “உண்மை விடை”யும்

குறிப்பான் சரியா தவறா என்பதைத் தீர்மானிக்க ஓர் உண்மை விடை வேண்டும். இங்கே அது கழுத்துக் கணுக்களின் நோய்க்குறியியல் அறிக்கை. ஆனால் அந்த அறிக்கையே எவ்வளவு நம்பகமானது என்று கேட்கவேண்டும். கணுவில் புற்று இல்லை என்று எழுதப்பட்ட நோயாளியிடமிருந்து நான்கு கணுக்கள்தான் எடுக்கப்பட்டிருந்தால், அந்த “இல்லை”க்கு என்ன மதிப்பு? எட்டாம் பதிப்பின்படி, தேர்ந்த பகுதிகளை மட்டும் நீக்கும் அறுவையில் சாதாரணமாகப் பத்துக்குக் குறையாத கணுக்களும், முழுமையான நீக்கத்தில் பதினைந்துக்குக் குறையாத கணுக்களும் இருக்கும். ஒவ்வொரு கணுவையும் நடுவில் ஒரு வெட்டு வெட்டி ஒரு ஸ்லைடு மட்டும் பார்த்திருந்தால், 0.2 முதல் 2 மி.மீ. வரையிலான நுண்பரவல் தவறியிருக்க வாய்ப்புண்டு. கழுத்து அறுவை செய்யப்படாத நோயாளிகளைச் சேர்ப்பதானால் குறைந்தது இரண்டு ஆண்டுத் தொடர்கண்காணிப்பு வேண்டும். பின்னர் கழுத்தில் தோன்றும் நெறிகளில் பெரும்பாலானவை அதற்குள் வந்துவிடும்.

சேர்க்கை விதியில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, கழுத்தில் கட்டைவிரல் அளவுக்கு நெறியோடு வந்த நோயாளிகளையும் நெறியே இல்லாதவர்களையும் ஒப்பிடுவது. அப்படிச் செய்தால் எந்தப் புரதமும் அழகாக வேறுபடும். ஏனெனில் நாம் ஒப்பிடுவது முற்றிய நோயையும் தொடக்க நோயையும். நெறி கையில் தட்டுப்படும் நோயாளிக்குக் குறிப்பான் தேவையே இல்லை. அவர் கழுத்தைத் திறந்தாகவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆய்வில் உள்ள அனைவரும் அறுவைக்கு முன் நெறி தென்படாதவர்களாக இருக்கவேண்டும். அறுவைக்குப் பின் அவர்கள் இரண்டாகப் பிரியவேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் கிடைக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறையும். குறையட்டும்.

பழைய பிளாக்குகளை, அதாவது பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த திசுக் கட்டிகளை, பயன்படுத்தினாலும் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளில் எஞ்சிய திசுவைப் பயன்படுத்துவது பற்றித் தெளிவாகவே இருக்கிறது. பயாப்சிக்கு வாங்கிய ஒப்புதலே ஆய்வுக்கும் போதும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அதைக் குழுவிடம் விடுங்கள்.

எந்தத் திசு?

கேள்வி அறுவைக்கு முன்னான முடிவைப் பற்றியது என்றால், புரதத்தையும் அறுவைக்கு முந்தைய பயாப்சியில்தான் அளக்கவேண்டும். வெட்டியெடுத்த முழுப் புற்றில் அளந்துவிட்டு “அறுவைக்கு முன் முன்கணிக்கலாம்” என்று முடிவுரை எழுதும் கட்டுரைகள் ஏராளம். பயாப்சித் துண்டு சிறியது. பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து எடுக்கப்பட்டது. புற்று ஆழத்தில் தசைக்குள் ஊடுருவும் முனை அதில் இல்லாமலே போகலாம். பரவலோடு தொடர்புள்ள மாற்றங்கள் பெரும்பாலும் அந்த முனையில்தான் நடக்கின்றன. ஆகவே தொடக்கத்திலேயே ஒரு சிறு ஒப்பீடு செய்யுங்கள்: அதே நோயாளியின் பயாப்சியிலும் அறுவைத் திசுவிலும் புரதத்தை அளந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தப் புரதம் நல்ல உயிரியல் செய்தியாக இருக்கலாம், முன்கணிப்புக் கருவியாக ஆகாது.

0.6 மி.மீ. அல்லது 1 மி.மீ. உருளைகளைத் துளைத்தெடுத்து ஒரே பிளாக்கில் அடுக்கும் திசுக் கோர்வை முறை ஆன்டிபாடிச் செலவை மிச்சப்படுத்தும். ஆனால் ஊசி எங்கே குத்தியது என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். ஹெச்-ஈ (ஹீமாடாக்சிலின்-இயோசின்) நிறமேற்றிய ஸ்லைடில் ஊடுருவும் முனையைப் பேனாவால் வட்டமிட்டுத் தந்தபின்பே துளைக்கச் சொல்லுங்கள். முனையிலிருந்து இரண்டு, நடுப்பகுதியிலிருந்து ஒன்று என்றாவது எடுங்கள்.

ஃபார்மலினைப் பற்றி யாரும் அக்கறை காட்டுவதில்லை. பத்து சதவீத நடுநிலைத் தாங்கல் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் என்பது மார்பகப் புற்றில் ஹார்மோன் ஏற்பிச் சோதனைக்கு வகுக்கப்பட்ட எல்லை; மற்றப் புரதங்களுக்கும் அதை வழிகாட்டியாகக் கொள்ளலாம். சனிக்கிழமை எடுத்த துண்டு, ஞாயிறும் திங்கள் விடுமுறையும் கழிந்து செவ்வாய் மாலைதான் எடுக்கப்பட்டது என்றால் அந்த எல்லை தாண்டிவிட்டது. நேரம் பதிவாகாத பழைய பிளாக்குகளில் இதைத் திருத்த வழியில்லை. புதிதாகச் சேர்ப்பவற்றிலாவது புட்டியின் மேல் நாளும் மணியும் எழுதச் சொல்லுங்கள்.

நிறமேற்றும் நாள்

மூன்று அல்லது நான்கு மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள். பூச்சுள்ள ஸ்லைடில் ஏற்றுங்கள். மிச்சம் பிடிக்க எண்ணிச் சாதாரண ஸ்லைடில் ஏற்றிய என் முதல் தொகுதி, பிரஷர் குக்கரிலிருந்து எடுத்தபோது பாதிக்குமேல் கழன்று, வெந்த முட்டை வெள்ளைப்போல் தாங்கல் கரைசலில் மிதந்தது. அவற்றில் மூன்று நோயாளிகளின் பிளாக்குகளில் மறுபடி வெட்டத் திசுவே மிச்சமில்லை.

மறைந்த புரதத்தை வெளிக்கொணரும் வெப்பநிலைப் படிக்கு, பி.எச். 6 உள்ள சிட்ரேட் கரைசலா, பி.எச். 9 உள்ள ஈ.டி.டி.ஏ. கரைசலா என்பதை ஆன்டிபாடியின் கையேடு சொல்லும். ஆனால் உங்கள் ஆய்வகத்துத் திசுவில் இரண்டையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பதில் அரைநாள்தான் செலவாகும். திசுவின் சொந்த பெராக்சிடேஸை ஹைட்ரஜன் பெராக்சைடால் அடக்கிய பின்பே மேலே செல்லவேண்டும். இல்லையேல் இரத்தச் சிவப்பணுக்கள் எல்லாம் பழுப்பாகி நிற்கும். ஆன்டிபாடியின் நீர்ப்பை மூன்று அளவுகளில் சோதியுங்கள். முதல் ஆன்டிபாடி இல்லாமல் ஒரு ஸ்லைடு, நிச்சயம் ஏறும் என்று தெரிந்த திசுவில் ஒரு ஸ்லைடு என இரண்டும் ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கவேண்டும்.

ஒவ்வொரு தொகுதியிலும் கணுப் பரவல் உள்ளவர், இல்லாதவர் இருவரின் ஸ்லைடுகளும் கலந்திருக்கவேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். திங்களன்று ஒரு பிரிவையும் வியாழனன்று மறுபிரிவையும் நிறமேற்றினால், பழுப்பு நிறம் தரும் டி.ஏ.பி. கரைசல் அன்று எவ்வளவு புதியது என்பதைத்தான் அளந்திருப்பீர்கள். வெட்டிய ஸ்லைடுகளை மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் சில புரதங்களின் நிறம் மங்கும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வெட்டி ஏற்றிவிடுவது நல்லது.

இப்போது நுண்ணோக்கியில் பாருங்கள். ஈ-கெட்ஹெரின் ஏற்றிய நாக்குத் திசுவில், புற்றுக்குப் பக்கத்தில் எஞ்சியிருக்கும் இயல்பான எபிதீலியம் தேன்கூட்டை மேலிருந்து பார்த்ததுபோல் இருக்கும்: ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பு நிறக் கோடு, நடுவே ஹீமாடாக்சிலினின் நீலக் கரு. அந்தத் தேன்கூடு தெளிவாக இருந்தால்தான் அன்றைய நிறமேற்றத்தை நம்பலாம். அதுவே மங்கியிருந்தால் புற்றில் காணும் “இழப்பு” உண்மையான இழப்பன்று. அங்கிருந்து மெல்லக் கீழே நகர்த்தினால் பெரிய புற்றுத் தீவுகளிலும் கோடுகள் தொடரும். ஊடுருவும் முனைக்கு வரும்போது தீவுகள் சிறுத்து, கோடு அறுந்தறுந்து, சில இடங்களில் சவ்வைவிட்டு உள்ளே சைட்டோபிளாசத்தில் பொடிப்பொடியாகக் கிடக்கும். ஐந்துக்கும் குறைவான செல்கள் கொண்ட தனித்த மொட்டுகள் தசைநார்களுக்கு இடையே சிதறிக் கிடப்பதையும் அங்கேதான் காண்பீர்கள். இன்னொரு விந்தை: கணுவில் குடியேறிய அதே புற்றில் ஈ-கெட்ஹெரின் மறுபடி திரும்பி வந்திருக்கலாம். ஆகவே கணுத் திசுவில் அளந்துவிட்டு முதற்புண்ணைப் பற்றிப் பேசக்கூடாது.

மதிப்பெண் இடுவதற்கு ஹெச்-ஸ்கோர் வசதியானது. மெலிதாக ஏறிய செல்களின் சதவீதத்தை ஒன்றாலும், நடுத்தரத்தை இரண்டாலும், வலுவானதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 0 முதல் 300 வரை ஓர் எண் கிடைக்கும். எந்தப் பகுதியில், எத்தனை களங்களில், சவ்வை மட்டுமா சைட்டோபிளாசத்தையுமா என்பதை முன்பே எழுதுங்கள். இரண்டு பேர், நோயாளியின் கணு நிலை தெரியாமல், தனித்தனியே மதிப்பிடவேண்டும். ஸ்லைடில் எழுதியிருக்கும் பதிவெண்ணை மறைத்துப் புதிய எண் ஒட்டுவது சிறு வேலைதான், ஆனால் வழிகாட்டி ஆசிரியரே “இது அந்தக் கழுத்து நெறிக் கேஸ்தானே?” என்று அடையாளம் கண்டுவிடும் சிறு துறைகளில் இதுதான் உங்களைக் காப்பாற்றும். இருவரின் ஒப்புமையை, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் காட்டும் காப்பா மதிப்பால் தாருங்கள்; அது 0.6க்கும் கீழே இருந்தால் மதிப்பெண் விதியைத்தான் முதலில் திருத்தவேண்டும்.

எண்களைப் படித்தல்

பெரும்பாலான ஆய்வேடுகள் “பி மதிப்பு 0.05க்கும் குறைவு” என்ற இடத்தில் நின்றுவிடுகின்றன. அறுவை மருத்துவருக்கு அந்த எண் எதையும் சொல்வதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நெறி தென்படாத 100 நோயாளிகள். அவர்களில் 30 பேருக்கு மறைந்த பரவல் உண்டு. நம் குறிப்பானின் உணர்திறன், அதாவது பரவல் உள்ளவர்களைச் சரியாகப் பிடிக்கும் திறன், 80 சதவீதம். தனித்திறன், அதாவது பரவல் இல்லாதவர்களைச் சரியாக விடுவிக்கும் திறன், 70 சதவீதம் என்று கொள்வோம். பரவல் உள்ள 30 பேரில் 24 பேர் பிடிபடுவர், 6 பேர் தப்புவர். இல்லாத 70 பேரில் 49 பேர் சரியாக விடுவிக்கப்படுவர், 21 பேர் வீணாகப் பிடிபடுவர். ஆகக் குறிப்பான் “இல்லை” என்று சொல்லும் 55 பேரில் 6 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்கு, உண்மையில் பரவல் இருக்கும்.

இந்த 11 சதவீதம் ஏற்கத்தக்கதா? மறைந்த பரவலுக்கான வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கழுத்துக்குச் சிகிச்சை தரலாம் என்று 1994இல் ஒரு முடிவுப் பகுப்பாய்வு சொன்னது. அந்த எல்லை இன்றும் பேசப்படுகிறது. அதன்படி இது தேறும். காவற்கணுப் பயாப்சியின் 5 சதவீதத்தோடு வைத்துப் பார்த்தால் தேறாது. இரண்டையும் உங்கள் விவாதப் பகுதியில் நேர்மையாக எழுதுங்கள்.

இதே குறிப்பானை, பரவல் உள்ளவர் 50, இல்லாதவர் 50 என்று சரிபாதியாகப் பொறுக்கியெடுத்த குழுவில் சோதித்திருந்தால் கதை மாறும். “இல்லை” என்று சொல்லப்படும் 45 பேரில் 10 பேருக்குப் பரவல் இருக்கும், 22 சதவீதம். “உண்டு” என்று சொல்லப்படும் 55 பேரில் 40 பேருக்கு உண்மையிலேயே இருக்கும், 73 சதவீதம். முந்தைய குழுவில் அது 45 பேரில் 24 பேர், 53 சதவீதம்தான். புரதமும் ஆன்டிபாடியும் மாறவில்லை. நோயாளிகளைப் பொறுக்கிய விதம் மட்டுமே மாறியது. ஆகவே பொறுக்கியெடுத்த குழுவிலிருந்து இந்த இரண்டு சதவீதங்களையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லக்கூடாது.

எண்ணிக்கையைப் பற்றியும் பேசவேண்டும். 30 பேரில் 24 பேரைப் பிடித்தது என்றால் உணர்திறன் 80 சதவீதம். ஆனால் அதன் 95 சதவீத நம்பக இடைவெளி ஏறத்தாழ 63 முதல் 90 வரை விரியும். இந்த இடைவெளியின் கீழ்முனை உண்மையாக இருந்தால் அந்தக் குறிப்பானை யாரும் தொடமாட்டார்கள். ஒரு மாறிக்குப் பத்து நிகழ்வுகளாவது வேண்டும் என்னும் பழைய கைக்கணக்கின்படி, 30 பரவல்கள் இருந்தால் மூன்று மாறிகளுக்கு மேல் புள்ளியியல் மாதிரியில் ஏற்றக்கூடாது. ஆழம் ஒன்று, உங்கள் புரதம் ஒன்று. மூன்றாவதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டு புரதங்களை 40 நோயாளிகளில் அளந்து “கூட்டுக் குறிப்பான்” கண்டுபிடிப்பது எப்போதும் வெற்றி தரும். அடுத்த ஊர் நோயாளிகளிடம் எப்போதும் தோற்கும்.

எல்லை மதிப்பை உங்கள் தரவிலிருந்தே, சிறப்பாகப் பிரியும் இடமாகப் பார்த்து வெட்டினால், அதே தரவில் கிடைக்கும் துல்லியம் பொய்யாக உயர்ந்திருக்கும். முடிந்தால் எண்ணை வெட்டாமல் தொடர்மதிப்பாகவே பயன்படுத்துங்கள். வெட்டியே ஆகவேண்டுமென்றால் வேறொரு நோயாளிக் குழுவில் சோதிக்கும்வரை அதை உத்தேச எல்லை என்றே அழையுங்கள். பிறகு, முதலில் எழுதிய கேள்விக்குத் திரும்புங்கள்: ஆழத்தை மட்டும் வைத்த மாதிரி ஒன்று, ஆழத்தோடு புரதத்தைச் சேர்த்த மாதிரி ஒன்று என இரண்டையும் அருகருகே வைத்து, எத்தனை நோயாளிகள் அறுவை தேவைப்படும் பக்கத்திலிருந்து தவிர்க்கலாம் என்னும் பக்கத்துக்கு நகர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் பரவல் இருந்தது என்று எண்ணிக் காட்டுங்கள்.

நிறை அளவியல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு

ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான புரதங்களைத் தேடும் நிறை அளவியல் (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) முறை கவர்ச்சியானது. பாரஃபின் பிளாக்கிலிருந்தே இன்று அதைச் செய்யலாம்: புரதத்தைப் பிரித்து, லைசினும் ஆர்ஜினினும் உள்ள இடங்களில் வெட்டும் டிரிப்சினால் துண்டாக்கி, கருவியில் செலுத்துகிறார்கள். ஆனால் திசுவை அப்படியே அரைத்தால் தசையும் இணைப்புத் திசுவும் அழற்சிச் செல்களும் சேர்ந்தே வரும். 2018இல் பிரேசில் குழு ஒன்று செய்த முறை பின்பற்றத்தக்கது: ஊடுருவும் முனையையும் உட்பகுதியையும், புற்றுத் தீவுகளையும் சுற்றுத் திசுவையும் தனித்தனியே பிரித்தெடுத்துத் தேடி, கிடைத்த சிஸ்டாட்டின் பி போன்ற சில வேட்பாளர்களை மட்டும் வேறு நோயாளிகளின் திசுவிலும் உமிழ்நீரிலும் சரிபார்த்தார்கள். தேடலும் சரிபார்ப்பும் வெவ்வேறு நோயாளிகளிடம், வெவ்வேறு முறைகளில் நடந்தன.

கருவிக்குப் பணமில்லாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. எச்.பி.வி. தொடர்பில்லாத 108 தலை-கழுத்துப் புற்றுகளின் புரதத் தரவை அமெரிக்காவில் புற்றுப் புரதங்களை ஆயும் சிப்டாக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்டிருக்கிறது. மனிதப் புரத அட்லஸ் தளத்தில் ஆன்டிபாடிகளின் திசுப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆன்டிபாடி வாங்கும் முன் இரண்டிலும் உங்கள் புரதத்தைத் தேடிப் பார்ப்பது ஒரு மாலை நேர வேலை.

இரத்தத்தில் தேடுவோருக்கு ஒரே எச்சரிக்கை. 2002இல் சீரம் புரதக் கோலங்களைக் கொண்டு சினைப்பைப் புற்றை ஏறத்தாழப் பிழையின்றிக் கண்டறியலாம் என்று வெளியான ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர் தரவை மறுபடி அலசியவர்கள், கண்ட வேறுபாடுகளில் பெரும்பகுதி மாதிரிகள் கையாளப்பட்ட, அளக்கப்பட்ட விதத்திலிருந்தே வந்திருக்கலாம் என்று காட்டினார்கள். புற்று நோயாளியின் இரத்தக் குழாய் மாலைவரை மேசையில் கிடந்து, ஒப்பீட்டு நபரின் குழாய் உடனே சுழற்றப்பட்டால் உங்களுக்கும் அதே கதிதான்.

எழுதும்போது

குறிப்பான் ஆய்வுகளை எப்படி அறிக்கையிட வேண்டும் என்பதற்கு 2005இல் வெளியான ரிமார்க் நெறிமுறை இருக்கிறது. அதன் பட்டியலை எழுதும்போது திறப்பதைவிட, திட்டவரைவு எழுதும் நாளிலேயே திறப்பது நல்லது. எத்தனை பிளாக்குகள் இருந்தன, எத்தனையில் திசு போதவில்லை, எத்தனை ஸ்லைடுகள் கழன்றன, எத்தனை பேர் தொடர்கண்காணிப்பில் காணாமல் போனார்கள் என்பதை ஒரு படமாக வரைந்து காட்டுங்கள். ஆன்டிபாடியின் குளோன் பெயர், நீர்ப்பு, வெப்பப் படியின் கரைசல், நேரம் ஆகியவை இல்லாத கட்டுரையை இன்னொருவர் திரும்பச் செய்ய முடியாது. புரதம் ஆழத்துக்கு மேல் எதையும் சேர்க்கவில்லை என்று வந்தாலும் அதே விவரங்களோடு வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு அதே ஆன்டிபாடிக்கு ஆர்டர் போட இருக்கும் மாணவர் முதலில் தேடப்போவது அந்தக் கட்டுரையைத்தான்.